நெல் அவித்த விமானம்

1

இந்தக் கதை மழையால் வந்தது. உண்மையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போகப்போக உண்மை குறைந்துகொண்டே வரும்.

குடவாசலில் கும்பகோணம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். ஐப்பசி மழை, குடை வீட்டில். ஒதுங்க இடம் தேடிக் கடைத்தெருவில் ஒரு மாடிப்படியில் பாதி ஏறியபோது தலைக்கு மேல் ஒரு பலகை தெரிந்தது: "கடற்படை விமான வரலாற்றுக் காட்சிக்கூடம். அனுமதி இலவசம். செருப்பைக் கீழே விடவும்." இறங்கிச் செருப்பை விட்டுவிட்டு, நனைந்து, மறுபடி ஏறினேன்.

குடவாசல்காரர் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். விமானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அண்ணாந்து பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்து இங்கே எந்தப் புண்ணியவான் காட்சிக்கு வைத்தான் என்று சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனேன். ஒட்டுப்பலகையில் செய்த விமானம் தாங்கிக் கப்பல் இருந்தது. தண்ணீரில் இறங்கும் அந்தக் காலத்து விமானங்களின் படங்கள் இருந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு விமானியின் தோல் தொப்பி. நடுக்கூடத்தில், செங்கல் மேல், கட்டில் நீளத்துக்கு ஒரு தொட்டி. அடுப்புக் கரி அப்பிய தொட்டி. அதன் காலடியில் ஓர் அட்டை: "விமானத்தின் வெளி எரிபொருள் கலம் (பாதி). நெல் அவித்தது."

அவ்வளவுதான். யார் அவித்தார்கள், ஏன் அவித்தார்கள் என்று கேட்க ஆள் இல்லை. மழை விட்டது, பஸ் வந்தது, ஏறிவிட்டேன். ஆனால் அந்தக் கடைசி இரண்டு வார்த்தையும் டிக்கெட் எடுக்காமல் என்னோடு ஏறிக்கொண்டன.

எனக்குத் தெரிந்த நிஜம் இத்தோடு சரி. இனி வருவது முழுக்க நானே அவித்தது.

2

தொடக்கம் ஒன்று: "1962ஆம் ஆண்டு, வங்கக் கடலில் மிதந்த மாபெரும் போர்க்கப்பலின் தளத்திலிருந்து சீறிக் கிளம்பிய அந்த—"

[வேண்டாம். நான் போர்க்கப்பலைப் பார்த்ததே இல்லை. நாகப்பட்டினத்தில் ஒரு தடவை தூரத்தில் ஒன்று தெரிந்தது. அதுவும் உப்பு ஏற்ற வந்த கப்பல் என்று பிறகு சொன்னார்கள்.]

தொடக்கம் இரண்டு: "பச்சைப் பசேலென்று விரிந்த வயலில் பயிர்கள் அலை அலையாய்—"

[இதுவும் வேண்டாம். தஞ்சாவூர் ஜில்லாக்காரன் பயிரைப் பார்த்து 'அலை அலையாய்' என்று எழுத ஆரம்பித்தால், அவனிடம் சொல்ல விஷயம் இல்லை என்று அர்த்தம்.]

தொடக்கம் மூன்று: "டமால்."

இது பிடித்திருக்கிறது. டமால். குடவாசலுக்குப் பக்கத்தில், கொத்தவாய்க்கால் என்று நான் பெயர் வைத்திருக்கும் ஊரில், வீரையன் என்பவர் சம்பா நட்டு முடித்த வயலில், வானத்திலிருந்து ஒரு நீளமான பொருள் விழுந்தது. சேறு இருந்ததால் நசுங்காமல் பாதி புதைந்து நின்றது. சீனாக்காரனோடு சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். சீனாக்காரன் கொத்தவாய்க்காலைக் குறிவைத்துவிட்டான் என்று ஊரே வாய்க்காலில் குதித்து அக்கரைக்கு ஓடியது. கொத்தவாய்க்காலை ஏன் குறிவைக்க வேண்டும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. சொந்த ஊர் மேல் மனிதருக்கு அவ்வளவு மதிப்பு.

போலீஸ் வந்தது. மறுநாள் வெள்ளை உடையில் கடற்படைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். போர் விமானங்கள் தூரம் போக இறக்கைக்கடியில் கூடுதலாக ஓர் எண்ணெய்க் கலத்தைக் கட்டிக்கொண்டு போகும், காலியானால் கழற்றிவிடும், இது அதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

(அடிக்குறிப்பு: கடற்படையிலிருந்து யாராவது இதைப் படித்தால் கணக்கெடுக்கக் கிளம்ப வேண்டாம். உங்கள் கலம் எதுவும் தொலையவில்லை. நான் செய்து, நான் போட்டது.)

3

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கதையே அதன் மேல்தான் நிற்கிறது.

குத்தகைக்கு விட்ட வயலில் விளையும் நெல்லில் மிராசுதாருக்குப் பங்கு உண்டு. ஆனால் வயலில் தானாக வந்து சேர்வது, அதாவது நண்டு, நத்தை, மடையில் மாட்டும் விரால், எல்லாம் சாகுபடி செய்கிறவருக்கு. கொத்தவாய்க்காலில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மறுத்ததும் இல்லை. விராலுக்கு என்ன நியாயமோ அதுவே விமானக் கலத்துக்கும் என்று ஊர் முடிவு செய்தது. வீரையன் மாடு கட்டி அதை வீட்டுக்கு இழுத்துப் போனார். பட்டறைக் கருமானை வைத்து நீளவாக்கில் இரண்டாக அறுத்தார். ஒரு பாதியை அடுத்த வெள்ளம் கொண்டுபோனது. மறுபாதியை அவர் மனைவி எல்லையம்மாள் செங்கல் மேல் ஏற்றி, தண்ணீர் ஊற்றி, அடியில் பதரைக் கொளுத்தி நெல் அவித்தார்.

முதல் வருஷம் சோற்றில் எண்ணெய் நாற்றம். பெண் பார்க்க வந்தவர்கள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னார்களாம். இரண்டாம் வருஷம் நாற்றம் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தையிலும் அறுத்து அடித்துக் கண்டுமுதலான நெல் முழுவதும் அதில்தான் வெந்தது.

[பாருங்கள், 'எல்லையம்மாள் அவித்தாள்' என்று எழுதி, அடித்துவிட்டு, 'அவித்தார்' என்று மாற்றினேன். தமிழில் கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நிலம் வைத்திருப்பவர் 'அவர்'. நாற்று நடுகிறவர் 'அவள்'. இந்தக் கதையில் எல்லோருக்கும் 'அவர்' போடுகிறேன். எனக்கு ஓர் எழுத்துச் செலவு, அவ்வளவுதான்.]

4

ஹாஜா மைதீனை எனக்கு ரொம்ப நாள் நம்ப முடியவில்லை.

குடவாசலில் அரிசி மண்டி வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. முதல் வரைவில் அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பினேன். அங்கே நிற்கவில்லை. இரண்டாம் வரைவில் துபாய்க்கு அனுப்பினேன். கதையின் மீதி 1973இல் நடப்பதால் அங்கே வேலை இன்னும் சூடு பிடிக்கவில்லை. கடைசியில் அவரே கடற்படையில் சேர்ந்துகொண்டார். விமானம் தாங்கிக் கப்பலில் விமானங்களைப் பழுது பார்க்கும் வேலை. பணிக்காலம் முடிந்து ஊருக்கு வந்தவர், மண்டியைப் பார்த்துக்கொள்வார் என்று குடும்பம் காத்திருக்க, மண்டியின் மாடியில் காட்சிக்கூடம் வைத்தார்.

ஏன் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. நாட்டுப்பற்று என்று எழுதிப் பார்த்தேன், பேச்சுப்போட்டி மாதிரி இருந்தது. பிறகு ஒருநாள் ஹாஜாவே சொன்னார்:

"ஊர்ல பாக்குற ஆளெல்லாம் ஒரே கேள்விங்க. 'ஏன் பாய், நேவின்னா கப்பல்ல? ஏரோப்ளேனுக்கு அங்க என்ன ஜோலி?' டீக்கடையில கேக்குறாங்க, பள்ளிவாசல்ல கேக்குறாங்க, மச்சான் கல்யாணத்துல பந்தியில ஒக்காந்துக்கிட்டு கேக்குறாங்க. எத்தனை பேருக்கு சொல்றது? மேல வந்து பாத்துட்டு போங்கன்னு மாட்டிட்டேன்."

இது நம்பும்படி இருந்தது. ஓயாமல் ஒரே கேள்விக்குப் பதில் சொல்கிற மனிதன் எதையும் கட்டுவான்.

மாடிக்கு வருகிறவர்களுக்கு அவர் தரும் விளக்கமும் பிரமாதம். "கப்பல்ல நீளமா ஓடி நிக்க எடம் கெடையாது. அதனால ப்ளேன் வாலுல ஒரு கொக்கி. தளத்துல குறுக்கால கம்பி கட்டியிருப்பாங்க. எறங்குறப்ப கொக்கி கம்பியில மாட்டிக்கும். ஓடுற மாட்ட கயித்தப் புடிச்சு நிறுத்துறோம்ல, அப்படி." மாடு பிடித்த ஊர்க்காரர்களுக்கு அது சட்டென்று விளங்கிவிடும். "கயிறு அறுந்தா?" என்று கேட்பார்கள். "அறுந்தா கடலு," என்பார் ஹாஜா.

குறை ஒன்றே ஒன்று. எல்லாம் படமும் பொம்மையும். நிஜமாகப் பறந்த பொருள் ஒன்றுகூட இல்லை. கொத்தவாய்க்காலில் ஒன்று கிடக்கிறது என்று கேள்விப்பட்டதும் வண்டி கட்டிக்கொண்டு போனார். வீரையன் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எல்லையம்மாள் தனியாகச் சாகுபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது என்னன்னு தெரியுமா?"

"நெல்லு அவிக்கிற தொட்டி."

"இது வானத்துல பறந்ததுக்கா."

"தெரியுந் தம்பி. எங்க வயல்லதான எறங்குச்சு."

புது அண்டா ஒன்று மாற்றாகத் தருவதாகச் சொன்னார் ஹாஜா. அண்டாவைத் தட்டிப் பார்த்து, கனம் பார்த்து, எல்லையம்மாள் சம்மதித்தார். தொட்டி குடவாசலுக்கு வந்தது.

5

இத்தோடு விட்டிருந்தால் இது ஒரு சிரிப்புக் கதையாக முடிந்திருக்கும். ஆனால் 1973 என்று எழுதிவிட்டு, வயல் என்றும் எழுதிவிட்டு, சும்மா இருக்க முடியாது.

கழக ஆட்சி வந்த பிறகு ஒரு சட்டம் வந்தது. குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்களின் பெயரைத் தாலுகாவில் பதிய வேண்டும். பதிந்துவிட்டால் மிராசுதார் நினைத்தபோது வெளியேற்ற முடியாது. அதனாலேயே பல மிராசுதார்களுக்குத் தங்களிடம் குத்தகைதாரர்களே இல்லை என்பது திடீரென்று நினைவுக்கு வந்தது. எல்லையம்மாள் பெயரைப் பதியக் கேட்டதும், அந்த வயலின் மிராசுதார் கொத்தவாய்க்கால் பண்ணை பஞ்சநாதனுக்கும் வந்தது. 'வீரையன் என் பண்ணைக் கூலியாள். குத்தகை ஏதும் இல்லை. அவர் மனைவி அத்துமீறி வயலில் இறங்குகிறார்' என்று ஆட்சேபணை மனு போட்டார். ரசீது கொடுக்கிற பழக்கம் பண்ணைக்கு எந்தக் காலத்திலும் இல்லை. ஊரில் சாட்சி சொல்லவும் ஆள் இல்லை. எல்லோரும் அவர் நிலத்தில் வேலை செய்கிறவர்கள். அந்த வருஷங்களில், இந்த ஜில்லாவில், கூலி உயர்த்திக் கேட்டதற்காக உயிரே போயிருக்கிறது. பயம் என்பது அப்போது வெறும் வார்த்தை இல்லை.

எல்லையம்மாளின் ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். நாற்றங்கால் விட்டாயிற்று. பதிவில் பெயர் ஏறாவிட்டால் வரும் சம்பாவுக்கு அவர் வயலில் கால் வைக்க முடியாது.

தாலுகாவிலிருந்து விசாரணை நோட்டீஸ் வந்த அன்று குடவாசல் மாடிக்கு ஏறி வந்தார். அங்கே ஹாஜா மைதீன், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, புளியும் சாம்பலுமாகத் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை அகலத்துக்குக் கரி போய், அலுமினியம் பளபளவென்று தெரிந்தது.

"தேய்க்காதீங்க தம்பி!"

"அழுக்கா இருக்குக்கா. கப்பல்ல இப்படி ஒரு சாமான் இருந்தா எங்க ஆபீசர் என்னையே தூக்கி கடல்ல போட்டுருவாரு."

"கூலிக்காரின்னு எழுதிக் குடுத்துருக்காங்க தம்பி என்னை. கூலிக்கு என்ன குடுப்பாங்க? மரக்கா நெல்லு. அத அவிக்க சட்டி போதாதா? இவ்வளவு பெரிய தொட்டியில இவ்வளவு கரி எப்படி வந்துச்சுன்னு ஒருத்தனாச்சும் கேக்கட்டும். இது ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கு. நீங்க தேய்ச்சா அதுவும் போச்சு."

இந்த இடத்தில் 'அவர் கண்களில் நீர்' என்று எழுதினேன். எல்லையம்மாள் அழ மறுத்துவிட்டார். இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். இரண்டு தடவையும் அவர் முந்தானையை எடுத்தது தொட்டியில் ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டத்தான். சரி, அவர் இஷ்டம்.

ஹாஜாவின் சங்கடத்தையும் சொல்ல வேண்டும். பளபளப்பு அவருக்குத் தொழில் பக்தி. தவிர, பஞ்சநாதன் முந்தின நாள்தான் வந்து, கூடத்துக்கு ட்யூப் லைட் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றே: தொட்டி பளிச்சென்று இருக்க வேண்டும், அதில் சிவப்புப் பெயிண்டில் 'உபயம்: பஞ்சநாதன்' என்று எழுத வேண்டும்.

ஹாஜா தேங்காய் நாரைக் கீழே போட்டார். "பத்து வருஷம் கப்பல்ல தேய்ச்சு வெளுத்துக்கிட்டேதான் இருந்தேன். இது ஒண்ணு கருப்பா இருந்துட்டுப் போவட்டும்," என்றார்.

6

தொட்டிக்கென்று ஒரு திறப்பு விழா. மந்திரி வரவில்லை. மந்திரிகள் வராத விழாக்களுக்கென்றே ஆண்டவன் தாசில்தார்களைப் படைத்திருக்கிறான். தாசில்தார் ஜெக்கரியா வந்தார். குத்தகைப் பதிவு விசாரணை நடத்துகிறவரும் அவர்தான். [இது கதாசிரியனின் வசதி. ஒப்புக்கொள்கிறேன்.] கொத்தவாய்க்காலே வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தது. தங்கள் ஊரில் விழுந்த பொருளை மாலை போட்டு வைத்தால் யார்தான் வர மாட்டார்கள்?

ட்யூப் லைட்டில் எல்லாம் 'உபயம்: பஞ்சநாதன்' என்று எழுதியிருந்தது. எழுத்து பெரிதாக இருந்ததால் வெளிச்சம் சிறிதாக வந்தது. தொட்டியில் எழுத விடாததால் பஞ்சநாதன் தானே ஒரு பலகை எழுதிக்கொண்டு வந்து, தொட்டியின் மேல் சாய்த்து வைத்தார்.

"இது நம்ம வயல்ல விழுந்ததுங்க. நம்ம உபயமா இருக்கட்டும்னு குடுத்துட்டேன்."

ஜெக்கரியா தொட்டியைச் சுற்றி வந்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் கருப்பானது.

"ஒங்க பொருளுங்களா? சந்தோஷம். ஏங்க இவ்வளவு கரி?"

"எல்லம்மா வூட்ல கெடந்துச்சு. நெல்லு அவிச்சுருக்கு."

"ஒங்க பொருள் அவங்க வீட்டுக்கு எப்படிங்க போச்சு?"

இப்போது பஞ்சநாதனுக்கு இரண்டு வழிதான். தன் வயலில் விழுந்ததைக் கூலியாள் தூக்கிப் போனதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்று சொல்லலாம். அது மானக்கேடு. குத்தகை வயல், வழக்கப்படி அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லலாம். அது நிலக்கேடு. அவர் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"நாந்தாங்க குடுத்தேன். ஏழை பாழை, பொழைச்சுப் போவட்டும்னு."

பின்னாலிருந்து ஒரு சத்தம். யாரோ அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் விட்ட சிரிப்பு. வண்டிக்காரர் செல்லத்துரை.

"களத்துல சிந்துன நெல்ல பொறுக்குனோம்னு எங்க கூடையெல்லாம் கவுத்துப் பாத்தவரு, அலுமினியத்த தானமா குடுத்தாராம்ல!"

அவ்வளவுதான். கொத்தவாய்க்கால் முழுவதும் சிரித்தது. பெண்கள் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இத்தனை வருஷம் பண்ணை வாசலில் குரல் எழும்பாதவர்கள், ஒட்டுப்பலகைக் கப்பல் ஆட ஆடச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் செல்லத்துரைக்கு இன்னும் தைரியம் வந்தது.

"அது மட்டுமில்லீங்க. குண்டு விழுந்துச்சுன்னு போலீஸ் வந்தப்ப இவரு வரப்புலயே நின்னுக்கிட்டு, 'அது வீரையன் சாகுபடி, என்னைய இழுக்காதீங்க'ன்னு சொன்னாருங்க. நாங்க எல்லாம் வாய்க்கா அக்கரையில நின்னு கேட்டோம்."

"ஆமா, ஆமா," என்றன பத்துக் குரல்கள்.

ஜெக்கரியா கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். சிரிக்கவில்லை.

"திங்கக்கெழம விசாரணை. இதையே ஆபீசுக்கு வந்து சொல்லி, கையெழுத்துப் போடுவீங்களா?"

சிரிப்பு நின்றது. செல்லத்துரை தரையைப் பார்த்தார். பஞ்சநாதன் எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார், பிறகு மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போனார்.

(அடிக்குறிப்பு: கரியெல்லாம் சாட்சியாகுமா என்று வக்கீல் வாசகர்கள் கேட்பார்கள். ஆகாது. அதனால்தான் ஜெக்கரியா ஆட்களைக் கேட்கிறார்.)

7

முடிவு அ: பஞ்சநாதன் மனம் திருந்தி, திங்கட்கிழமை காலை எல்லையம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்று, "தாயே, என்னை—"

[அடித்துவிட்டேன். பஞ்சநாதனே கோபித்துக்கொண்டார்.]

முடிவு ஆ: திங்கட்கிழமை தாலுகா ஆபீஸ் வராந்தாவில் எல்லையம்மாளும் ஹாஜா மைதீனும் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். மத்தியானம் ஆகிறது. யாரும் வரவில்லை. செல்லத்துரையின் வண்டி ஆபீஸைத் தாண்டி, நிற்காமல் போகிறது.

இதை அடிக்கவில்லை. இதுதான் பல ஊர்களில் நடந்தது. எழுதும்போது கை சரளமாக ஓடியது, அதுதான் எனக்குத் துக்கமாக இருந்தது. 'யதார்த்தமான முடிவு' என்று நாலு பேர் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டுக்காக ஒருவரின் ஆறு மாவைப் பிடுங்க வேண்டுமா என்று யோசித்தேன்.

இந்த மாதிரிக் கதைகளில் இங்கே வந்ததும் எழுதுகிறவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, முடிவு வாசகர் கையில் என்று சொல்லிவிடுவார். நானும் அப்படித்தான் திட்டமிட்டிருந்தேன். ஆனால் உங்களை எனக்கு எவ்வளவு தெரியும்? நல்லவர்களாகத்தான் இருப்பீர்கள். இருந்தாலும் அவசரத்தில் படிப்பீர்கள், பஸ்ஸில் படிப்பீர்கள், பாதியில் இறங்கிவிடுவீர்கள். உங்களை நம்பி ஒரு நாற்றங்காலைக் காயப்போட முடியாது. ஆகவே இதை மட்டும் நானே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை செல்லத்துரை முதலில் வந்தார். ஒரு தடவை சிரித்துவிட்ட வாயை மறுபடி மூடிக்கொள்வது அவருக்கு வெட்கமாக இருந்தது. அவர் வண்டியில் இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராகச் சொன்னார்கள், கை நாட்டும் கையெழுத்துமாகப் போட்டார்கள். கடைசியில் ஜெக்கரியா பேனாவை எடுத்தார்.

"சாகுபடி செய்றது யாருங்கம்மா?"

"நாந்தாங்க. எல்லையம்மாள்."

எழுதினார். மை காய்ந்தது.

மற்றதெல்லாம் உங்களுக்கு. அப்பீல் போகப் பஞ்சநாதனை எந்த ஊர் வக்கீலிடம் அனுப்புவது, அங்கே எப்படித் தோற்கடிப்பது, ட்யூப் லைட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாரா, ஹாஜா யாரும் இல்லாத சமயம் தொட்டியை இன்னும் கொஞ்சம் தேய்த்துவிட்டாரா, செல்லத்துரைக்கு வேறு எந்தப் பண்ணையில் வேலை கிடைத்தது, எல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கதைக்குள் எங்கே வேண்டுமானாலும் நடந்து பாருங்கள். அந்த ஆறு மாவில் மட்டும் கால் வைத்துவிடாதீர்கள். இப்போதுதான் நட்டிருக்கிறார்கள்.